நனவிலி மனமும் கனவும்: உளப்பகுப்பாய்வு – ஓர் அறிமுகம்

உளப்பகுப்பாய்வு என்னும் சொல் நம் ஆயர்களிடையே இருவேறு மனநிலைகளை எழுப்பக் காண்கிறோம். ஒரு சாரார் அதனைச் சமயத்திற்குப் பகையான கொள்கையென்று ஒதுக்கிவிடுகின்றனர். அதனைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்டு 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் சமயத்தை ஒரு மாயை என விளக்கினார். அந்த ஒரு நூலே அவருடைய உழைப்பு முழுவதையும் தள்ளிவிடப் போதுமானது என இவர்கள் கருதுகின்றனர். மற்றொரு சாரார் அதன் சொற்களை மட்டும் கடனாகப் பெற்றுக்கொள்கின்றனர். ‘ஆழ்மனம்’, ‘அடக்கப்பட்ட ஆசை’ முதலிய சொற்கள் அருளுரைகளில் எளிதாக வந்து விழுகின்றன. அவற்றைச் சொல்பவர், தம்மிடம் ஆறுதல் தேடி வருவோரின் உள்ளத்தைப் படித்துவிட்டதாகவும் எண்ணிக்கொள்கிறார்.

இவ்விரு நிலைகளும் அக்கலையை நெருங்கி அறியாமையால் விளைவனவே. உளப்பகுப்பாய்வு எவ்வாறு தோன்றியது, நனவிலி மனம் என்று அது எதனைக் குறிக்கிறது, கனவை அது எவ்வாறு அணுகுகிறது, மேய்ப்புப் பணியாற்றுவோர் அதனிடமிருந்து எதனைக் கற்கலாம், எங்கே நின்றுவிட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம்.

1. தோற்றம்

பிராய்டு 1856ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் மொராவியாவிலுள்ள ஃபிரைபெர்க் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அவ்வூர் இன்று செக் நாட்டில் உள்ளது. இளமையிலேயே குடும்பத்துடன் வியன்னாவில் குடியேறிய அவர், 1881இல் மருத்துவப் பட்டம் பெற்று நரம்பு மருத்துவத்தில் ஈடுபட்டார். 1885ஆம் ஆண்டின் இறுதியில் பாரிசு நகரம் சென்று, ஷார்க்கோ என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் சில மாதங்கள் பயின்றார். உடலில் யாதொரு சிதைவும் காணப்படாமலே கை கால் முடங்கியவர்களையும், பேச்சிழந்தவர்களையும் அங்கு அவர் கண்டார். ஹிஸ்டீரியா என்று அக்காலத்தார் அழைத்த நோய் இதுவே. மயக்குறக்க நிலையில் சொல்லப்படும் ஒரு சொல்லாலேயே இத்தகைய முடக்கத்தை உண்டாக்கவும் நீக்கவும் கூடும் என்பதை ஷார்க்கோ காட்டினார். சொல்லுக்கும் உடலுக்கும் இடையே இருந்த இத்தொடர்பு பிராய்டை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது.

இதற்கு முன்னரே, வியன்னாவில் அவருடைய மூத்த நண்பரான யோசெப் பிராயர், 1880 முதல் 1882 வரை ஓர் இளம்பெண்ணுக்கு மருத்துவம் செய்திருந்தார். நூல்களில் அப்பெண் ‘அன்னா ஓ.’ என்று குறிக்கப்படுகிறார். தாகம் வாட்டியபோதும் அவரால் தண்ணீர்க் குவளையை உதட்டருகே கொண்டுபோக இயலாத ஒரு காலம் இருந்தது. ஒருநாள் மயக்குறக்கத்தில், தமக்குத் துணையாயிருந்த பெண்ணின் நாய் ஒரு குவளையிலிருந்து தண்ணீர் குடித்ததைக் கண்டு தாம் அருவருப்படைந்ததையும், மரியாதை கருதி வாய் திறவாமல் இருந்துவிட்டதையும் அவர் சினத்தோடு எடுத்துரைத்தார். அதன்பின் தண்ணீர் கேட்டு வாங்கித் தடையின்றிக் குடித்தார். சொல்லப்படாத உணர்ச்சி நோயாயிற்று, சொல்லப்பட்டபோது நோய் நீங்கிற்று என்று பிராயர் கண்டார். இதனையும் வேறு சில நிகழ்ச்சிகளையும் சேர்த்து இருவரும் 1895இல் ‘ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்’ என்னும் நூலை வெளியிட்டனர்.

ஈண்டு ஒரு செய்தியை மறைத்தல் நேர்மையாகாது. அன்னா ஓ. முற்றிலும் குணமடைந்தார் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. ஆனால் பிராயரின் மருத்துவம் முடிந்த பின்னரும், 1882இல் சுவிட்சர்லாந்திலுள்ள நலவிடுதி ஒன்றில் அவர் தங்கி மருத்துவம் பெற வேண்டியிருந்தது என்பதை எல்லென்பெர்கர் என்னும் ஆய்வாளர் 1972இல் வெளிப்படுத்தினார். பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் இயற்பெயருடைய அவ்வம்மையார் பிற்காலத்தில் நலம்பெற்று, 1904இல் ஜெர்மனியின் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவித் தொண்டாற்றினார். எனவே ஒருமுறை சொல்லிவிட்டால் நோய் ஓடிவிடும் என்பது உளப்பகுப்பாய்வின் படிப்பினை அன்று. சொல்வதற்கு நேரமும் பொறுமையும் கேட்கும் செவியும் வேண்டும் என்பதே படிப்பினை.

பிராய்டு காலப்போக்கில் மயக்குறக்க முறையைக் கைவிட்டார். நோயாளியைச் சாய்ந்து படுக்கச் செய்து, மனத்தில் தோன்றுவது எதுவாயினும், அற்பமானதாயினும், வெட்கத்துக்குரியதாயினும், தொடர்பற்றதாயினும், விலக்காமல் சொல்லும்படி கேட்டார். இம்முறை ‘கட்டற்ற எண்ணத்தொடர்’ எனப்படும். ‘உளப்பகுப்பாய்வு’ என்ற பெயரை 1896இல் அவர் முதன்முதலாக வழங்கினார்.

2. நனவிலி மனம்

மனிதன் தன்னையே முழுமையாக அறியான் என்பது பிராய்டு கண்டுபிடித்த உண்மையன்று. மறைவான குற்றங்களுக்கு நீங்கலாக்கும்படி வேண்டும் சங்கீதக்காரனும், இருதயத்தின் திருக்கை எடுத்துரைக்கும் எரேமியாவும் இதனை அறிந்திருந்தனர். அகஸ்தீன் தம் அறிக்கைகளின் பத்தாம் நூலில் நினைவின் ஆழங்களைத் துருவி நோக்கி வியக்கிறார். விழித்திருக்கும்போது தாம் மறுப்பவற்றிற்கு உறக்கத்தில் இணங்கிவிடுவது எவ்வாறு என்றும் வினவுகிறார். ஹார்ட்மன் என்னும் ஜெர்மானிய மெய்யியலாளர் 1869இலேயே நனவிலியைப் பற்றி ஒரு பெருநூல் எழுதியிருந்தார். அறியப்படாத இப்பகுதி எவ்விதிகளின்படி இயங்குகிறது என்பதையும், அதனை அணுகும் வழி யாது என்பதையும் முறைப்படி ஆராய்ந்ததே பிராய்டின் பங்களிப்பு.

அவர் மனத்தை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். இப்போது நாம் எண்ணிக்கொண்டிருப்பது நனவு. இப்போது எண்ணத்தில் இல்லையாயினும், முயன்றால் நினைவுக்கு வருவது முன்நனவு. நமக்கு முதல் வகுப்பில் கற்பித்த ஆசிரியரின் பெயர் இத்தகையது. முயன்றாலும் வராதது மட்டுமன்றி, வரவிடாமல் தடுக்கவும்படுவதே நனவிலி. இந்த வேறுபாடு இன்றியமையாதது. நனவிலி என்பது மறந்தவை கிடக்கும் பரண் அன்று. நம்மைப் பற்றி நாம் கொண்டுள்ள மதிப்புக்கு ஒவ்வாத ஆசை, பகை, அச்சம் ஆகியவை வாயிலுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. வாயிலில் காவலும் நிறுத்தப்படுகிறது. இச்செயலே ‘ஒடுக்குதல்’ எனப்படும். தள்ளுகிறோம் என்பதை நாமே அறியாமல் தள்ளுகிறோம் என்பதில்தான் இதன் வலிமை இருக்கிறது.

தள்ளப்பட்டது செத்துப்போவதில்லை. அது மாற்றுருவில் திரும்பி வருகிறது. நோயின் அறிகுறியாக வரலாம், நாத்தவறாக வரலாம், கனவாக வரலாம். நாத்தவறுகளைப் பற்றி பிராய்டு 1901இல் தனியாகவே எழுதினார். ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவையின் தலைவர், கூட்டத்தைத் தொடங்கி வைக்க எழுந்து, கூட்டம் முடிவுற்றது என அறிவித்துவிட்ட நிகழ்ச்சியை அதில் எடுத்துக்காட்டுகிறார். அக்கூட்டத்தால் நன்மை ஏதும் விளையாது என்று எண்ணிய தலைவரின் உள்விருப்பம் நாவை முந்திக்கொண்டது.

1923இல் பிராய்டு வேறொரு பாகுபாட்டையும் வகுத்தார். நிறைவை மட்டும் நாடும் உந்தல்களின் இருப்பிடம் ‘அது’. உலகத்தோடு பொருந்த முயல்வது ‘நான்’. பெற்றோரும் பெரியோரும் விதித்த கட்டளைகள் உள்ளே குடிகொண்டு தீர்ப்பிடும் குரலாக அமைவது ‘மேல்நான்’. ஆயர்கள் இம்மூன்றாவதனைக் கருத்தூன்றிக் கற்றல் வேண்டும். ஒரே குற்றத்தைப் பலமுறை அறிக்கையிட்டும், மன்னிப்பின் நற்செய்தியைப் பலமுறை கேட்டும், ஆறுதலடையாத விசுவாசிகளை நாம் அறிவோம். அவர்கள் அறிக்கையிடும் குற்றத்துக்கும் அவர்களை வாட்டும் குற்றவுணர்வுக்கும் அளவு பொருந்துவதில்லை. அவர்களுக்குள் பேசும் கடுமையான குரல் கடவுளுடையது என அவர்கள் நம்புகின்றனர். அது நெடுநாளுக்கு முன் இறந்துபோன தந்தையின் குரலாகவும் இருக்கக்கூடும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண உதவுவது நற்செய்திப் பணிக்குப் புறம்பானதன்று.

3. கனவின் அமைப்பு

பிராய்டின் தலையாய நூலாகிய ‘கனவுகளின் விளக்கம்’ 1899ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. பதிப்பாளர் அதில் 1900 என்று ஆண்டு குறித்தார். முதற்பதிப்பாக அச்சிடப்பட்ட 600 படிகள் விற்றுத் தீர எட்டு ஆண்டுகள் ஆயின.

நாம் விழித்தெழுந்து சொல்லும் கனவு அதன் ‘வெளிப்பொருள்’. அதன் பின்னே மறைந்துள்ள எண்ணங்களின் தொகுதி ‘உள்ளுறைப் பொருள்’. முந்திய நாளின் நிகழ்ச்சித் துணுக்குகளைக் கனவு மூலப்பொருளாக எடுத்துக்கொள்கிறது. மிகுந்த அலுவலினால் கனவு பிறக்கிறது என்னும் கருத்தைப் பிரசங்கி நூலிலும் (5:3) காண்கிறோம். ஆனால் அத்துணுக்குகளைக் கொண்டு கனவு எதைக் கட்டுகிறது? ஒடுக்கப்பட்ட ஒரு விருப்பத்தின் நிறைவேற்றத்தையே கட்டுகிறது என்பது பிராய்டின் விடை. உறங்கும்போது காவலன் சற்றே தளர்கிறான், முற்றும் அகன்றுவிடுவதில்லை. ஆகவே விருப்பம் மாறுவேடத்தில்தான் உள்ளே வரக்கூடும்.

அம்மாறுவேடம் நான்கு வழிகளில் அமைகிறது. முதலாவது, செறிவாக்கம்: பல ஆட்கள் ஓர் ஆளாகவும் பல எண்ணங்கள் ஓர் உருவாகவும் சுருங்குதல். ஒருவர் முகமும், மற்றொருவர் குரலும், வேறொருவர் உடையும் கொண்ட ஓர் ஆளைக் கனவில் காண்பது இதனாலேயே. இரண்டாவது, இடப்பெயர்ச்சி: முதன்மையானதற்குரிய உணர்ச்சியழுத்தம் அற்பமான ஒன்றின்மேல் ஏற்றப்படுதல். மூன்றாவது, காட்சியாக்கம்: எண்ணமும் வாதமும் கண்ணால் காணும் படங்களாக மாறுதல். நான்காவது, ஒழுங்குபடுத்தல்: விழிப்பை நெருங்கும் மனம் சிதறிய காட்சிகளைக் கோத்து ஒரு கதைபோல ஆக்குதல்.

இவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்கு அகராதி எதுவும் இல்லை. பாம்பு கண்டால் பகை, பல் விழுந்தால் சாவு என்று பட்டியலிடும் கனா நூல்களுக்கும் பிராய்டின் முறைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. எல்லார்க்கும் பொதுவான சில குறியீடுகள் உண்டு என்று பிராய்டும் ஒப்புக்கொண்டார். அப்பகுதி அவருடைய நூலின் பிற்காலப் பதிப்புகளில் விரிந்துகொண்டே சென்றது. ஆயினும் அவற்றைத் துணையாக மட்டுமே கொள்ள வேண்டும் என எச்சரித்தார். கனவின் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, இதனோடு உமக்கு நினைவுக்கு வருவது யாது என்று கனவு கண்டவரையே வினவுதல் வேண்டும். கனவின் பொருளுக்குத் திறவுகோல் கேட்பவர் கையில் இல்லை. சொல்பவர் கையிலேயே இருக்கிறது.

4. இர்மாவின் கனவு

இம்முறைக்கு எடுத்துக்காட்டாக பிராய்டு தம் கனவொன்றையே முழுமையாக ஆராய்ந்து காட்டினார். அது 1895ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இரவு கடந்து 24ஆம் நாள் புலரும் வேளையில் கண்டது. முந்திய நாள் அவருடைய நண்பரும் மருத்துவருமான ஒருவர் வந்து, பிராய்டிடம் மருத்துவம் பெற்றுவந்த இர்மா என்னும் பெண்ணைப் பற்றி, முன்னைவிட நலம், ஆனால் முழு நலமில்லை என்ற பொருள்படச் சொன்னார். அச்சொல்லில் ஒரு குற்றச்சாட்டு ஒலித்ததாக பிராய்டுக்குத் தோன்றியது. அன்றிரவே தம் மருத்துவம் முறையானதே என்று விளங்கும்படி, இர்மாவின் நோய் வரலாற்றை எழுதி வைத்துவிட்டு உறங்கினார்.

கனவில் ஒரு பெருங்கூடம், விருந்தினர் பலர். பிராய்டு இர்மாவைத் தனியே அழைத்து, நான் கூறிய தீர்வை நீ ஏற்கவில்லை, உனக்கு இன்னும் வலி இருந்தால் அது உன் குற்றமே என்கிறார். அவளோ தன் தொண்டையிலும் வயிற்றிலும் உள்ள வலியைச் சொல்கிறாள். உடல்நோய் எதையேனும் கவனியாது விட்டோமோ என்று அவர் திடுக்கிடுகிறார். தொண்டையை நோக்குகிறார், வெண்ணிறத் திட்டும், மூக்கெலும்பை ஒத்த சுருள்களின்மேல் படிந்த பொருக்கும் தெரிகின்றன. மூத்த மருத்துவர் ஒருவர் வந்து ஏதோ பொருந்தாத ஆறுதல் கூறுகிறார். முடிவில், அந்த நண்பர் போட்ட ஊசியே நோய்க்குக் காரணம் என்பதும், ஊசி தூய்மையாக இருந்திராது என்பதும் வெளியாகின்றன.

பிராய்டு தரும் விளக்கம் இது: இர்மாவின் வலிக்கு நான் பொறுப்பாளியல்லேன் என்னும் விருப்பத்தைக் கனவு நிறைவேற்றுகிறது. அவள் தீர்வை ஏற்கவில்லை, ஆகவே குற்றம் அவளுடையது. வலி உடல்நோயால் வந்தது, ஆகவே அதனைத் தீர்ப்பது என் கடமையன்று. நண்பர் தூய்மையற்ற ஊசி போட்டார், ஆகவே குற்றம் அவருடையது. இவ்வாதங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்பதையும் பிராய்டே சுட்டிக்காட்டி, ஒரு கதையை நினைவூட்டுகிறார். அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய கெண்டியை ஓட்டையாக்கித் திருப்பிக் கொடுத்தான் என்று ஒருவன்மேல் வழக்கு. கெண்டியை நல்ல நிலையில் கொடுத்தேன், வாங்கும்போதே அது ஓட்டை, நான் கெண்டியே வாங்கவில்லை என்று மூன்று மறுமொழிகளை அவன் ஒரே மூச்சில் உரைத்தான்.

இக்கனவின் வரலாறு இத்துடன் முடியவில்லை. அதே 1895ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிராய்டின் நோயாளியாகிய எம்மா எக்ஸ்டைன் என்பவருக்கு, பிராய்டின் நெருங்கிய நண்பரான பிளீஸ் மூக்கில் அறுவை செய்தார். மருந்துத் துணியின் ஒரு நீண்ட துண்டை உள்ளேயே மறந்து விட்டுவிட்டார். வேறொரு மருத்துவர் அதனைக் கண்டு வெளியே இழுத்தபோது ஏற்பட்ட குருதிப்போக்கால் அப்பெண் சாவின் விளிம்புவரை சென்றார். பிராய்டு தம் கடிதங்களில் நண்பர்மேல் குற்றமில்லை என்றே வற்புறுத்தி வந்தார். மறு ஆண்டில், அக்குருதிப்போக்கும் ஹிஸ்டீரியாவால் வந்ததே என எழுதினார். பிராய்டின் இறுதிக்கால மருத்துவரான மாக்ஸ் ஷூர், இந்நிகழ்ச்சி இர்மாவின் கனவுக்குப் பின்னணியில் இருந்ததென்று 1966இல் எடுத்துக்காட்டினார். கனவு விளக்கத்தில் தாம் அனைத்தையும் சொல்லிவிடவில்லை என்று பிராய்டு ஒப்புக்கொண்டது உண்மை. ஆயினும் அவர் வெளியிட்ட விளக்கத்தில் இந்நிகழ்ச்சிக்கு இடமே இல்லை.

தன்னை நியாயப்படுத்தும் மனித முயற்சி எத்துணை ஆழமானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. விழிப்பில் ஒருவர் தமக்காக வழக்காடினார்; உறக்கத்திலும் வழக்காடினார்; அவ்வழக்காடலை அம்பலப்படுத்தும் ஆராய்ச்சியிலும் அதன் ஒரு பகுதி மறைந்தே நின்றது. ஆதாம் ஏவாளையும், ஏவாள் சர்ப்பத்தையும் சுட்டிக்காட்டியதும், தன்னை நீதிமானாகக் காட்ட விரும்பிய நியாயசாஸ்திரி, பிறன் யார் என்று வினவியதும் நம் நினைவுக்கு வருகின்றன.

5. மறுப்புகளும் பிற்கால ஆய்வுகளும்

பிராய்டின் கருத்துகள் அனைத்தும் நிலைபெற்றுவிடவில்லை. அவருடன் இணைந்து உழைத்த யுங் 1913இல் பிரிந்து சென்றார். கனவு மாறுவேடம் அன்று, நனவு மனத்தின் ஒருதலைச் சாய்வை ஈடுசெய்யும் இயல்பான குரல் என்று அவர் கருதினார். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் தாம் கண்ட கொடுமையையே இரவுதோறும் கனவில் மீண்டும் மீண்டும் கண்டு அலறியதை விருப்ப நிறைவேற்றமாக விளக்க இயலாது என்று 1920இல் பிராய்டே ஒப்புக்கொண்டார்.

1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தில் கண்விழிகள் விரைந்து அசையும் பருவங்கள் உண்டென்றும், அவ்வேளையில் எழுப்பப்படுவோர் பெரும்பாலும் கனவைச் சொல்கின்றனர் என்றும் கண்டறிந்தனர். 1977இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஹாப்சனும் மக்கார்லியும், மூளைத்தண்டிலிருந்து எழும் தூண்டல்களுக்கு முன்மூளை இயன்றவரை ஒரு கதை கட்டுவதே கனவு என்றனர். மூளை சிதைந்த நோயாளிகளை ஆராய்ந்த மார்க் சோம்ஸ், நாட்டத்தையும் ஊக்கத்தையும் இயக்கும் முன்மூளைப் பாதைகள் சிதைந்தால் கனவு நின்றுவிடுகிறது என 1990களில் காட்டினார். விருப்பத்துக்கும் கனவுக்கும் தொடர்பு உண்டென்ற எண்ணம் இதனால் மீண்டும் வலுப்பெற்றது. ஆயினும் வழக்கு இன்னும் முடியவில்லை. மெய்யியலாளரான போப்பர், எந்தச் சான்றாலும் பொய்ப்பிக்க இயலாத கொள்கை அறிவியலாகாது என்றார். குருன்பாம் 1984இல், நோயாளியின் எண்ணத்தொடரில் மருத்துவரின் எதிர்பார்ப்பும் கலந்துவிடுமே என்று வினவினார்.

இவ்விரண்டாவது வினா நமக்கும் உரியது. சபையார் தம் ஆயர் விரும்புவதையே அவரிடம் சொல்லக் கற்றுக்கொள்கின்றனர் அல்லவா?

6. உணர்வுப் பெயர்ச்சியும் சூரிக் நகர ஆயரும்

கேட்பவர்மேல் சொல்பவர் கொள்ளும் உணர்ச்சியைப் பற்றி உளப்பகுப்பாய்வு கண்டறிந்தது மேய்ப்புப் பணிக்கு மிக நெருங்கியது. ஒருவர் தம் தந்தையிடமோ தாயிடமோ கொண்டிருந்த அன்பும் அச்சமும் சினமும் இப்போது தம்மைக் கேட்பவர்மேல் இடம்பெயர்ந்து படிகின்றன. இதனை ‘உணர்வுப் பெயர்ச்சி’ எனலாம். ‘டோரா’ எனக் குறிக்கப்பட்ட இளம்பெண், 1900ஆம் ஆண்டின் இறுதி நாளில், ஏறத்தாழ பதினொரு வாரங்களோடு மருத்துவத்தை முறித்துக்கொண்டு சென்றார். தம்மேல் இடம்பெயர்ந்த உணர்வுகளைத் தாம் உரிய நேரத்தில் கண்டுகொள்ளவில்லை என்று பிராய்டு 1905இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டார். கேட்பவரின் பழைய உணர்வுகள் சொல்பவர்மேல் படிவதும் உண்டு. அது ‘எதிர்ப்பெயர்ச்சி’ எனப்படும். ‘ஐயா, நீங்கள்தான் எனக்குத் தகப்பன்’ என்று ஒருவர் சொல்லும்போது, அப்புகழ்ச்சி நமக்கே உரியதென எண்ணி மகிழும் ஆயர், மறுமாதம் அதே நபர் தம்மைத் தூற்றும்போது நிலைகுலைந்துபோகிறார். அன்பும் தூற்றலும் வேறொருவருக்குரிய முகவரியோடு வந்தவை என அறிந்தவர் இரண்டிலும் நிலைதடுமாறார்.

உளப்பகுப்பாய்வை மேய்ப்புப் பணியில் முதலில் கையாண்டவர் சூரிக் நகரின் சீர்திருத்தச் சபை ஆயரான ஒஸ்கார் ஃபிஸ்டர். 1909இல் தொடங்கிய பிராய்டுடனான அவருடைய நட்பு 1939இல் பிராய்டு மறையும் வரை நீடித்தது. நாத்திகராகிய யூத மருத்துவரும் கிறிஸ்தவ ஆயரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1963இல் நூலாக வெளிவந்தன. சமயத்தை மாயை என்ற நூலுக்கு ஃபிஸ்டர் 1928இல் வெளிப்படையாக மறுப்பு எழுதினார். அம்மறுப்பை பிராய்டு வரவேற்றார், நட்பு குலையவில்லை. அதே ஆண்டில் எழுதிய கடிதமொன்றில், உளப்பகுப்பாய்வை மருத்துவர்களிடமிருந்தும் குருமார்களிடமிருந்தும் காக்கத் தாம் விரும்புவதாகவும், அது புதியதோர் ஆன்ம பராமரிப்பாளர் குழுவுக்கு உரியது என்றும் பிராய்டு தெரிவித்தார். நம்மைக் குறித்த இவ்வச்சத்தை நாம் மனத்தாங்கலின்றி எண்ணிப் பார்த்தல் நலம். விடை முன்கூட்டியே தெரிந்தவர் கேட்கமாட்டார் என்பதே அவ்வச்சம்.

7. ஆயரும் கனவும்

நம் சபைகளில் கனவோடு வருவோர் பலர். யோசேப்பும் தானியேலும் கனவுக்குப் பொருள் உரைத்ததை அவர்கள் அறிவர். அதனையே நம்மிடமும் எதிர்பார்க்கின்றனர். ஆனால் பொருள் உரைத்தல் கடவுளுக்குரியது என்று சொல்லித்தான் அவ்விருவரும் வாய் திறந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. கனவைச் சொல்லி மக்களை மயக்குவோரை எரேமியா கண்டிப்பதும் திருமறையில் உள்ளதே. கடவுள் கனவில் பேசக்கூடுமா என்பது இக்கட்டுரையின் வினாவன்று. நம்மிடம் கொண்டுவரப்படும் கனவுக்கு நாம் அவசரப்பட்டுப் பொருள் உரைக்கலாமா என்பதே வினா.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். அண்மையில் கணவரை இழந்த ஓர் அம்மையார், அவர் கனவில் வந்து பசிக்கிறது என்று சொல்வதாக ஆயரிடம் அழுகிறார். ஓர் ஆயர், இது பிசாசின் தந்திரம் என்று கடிந்து, வீட்டில் செபக்கூட்டம் ஏற்பாடு செய்கிறார். மற்றொருவர், தாம் படித்த நூலை நினைவுகூர்ந்து, இது கணவர் உயிரோடிருக்க வேண்டும் என்ற உங்கள் விருப்பம் என விளக்குகிறார். மூன்றாமவர், ‘அவர் கடைசியாக எப்போது சாப்பிட்டாரம்மா?’ என்று மட்டும் கேட்கிறார். அப்போது அம்மையார் சொல்லத் தொடங்குகிறார். மருத்துவமனையில் இறுதி இரவன்று அவர் ஒரு வாய் கஞ்சி கேட்டார், கொடுக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், நான் கொடுக்கவில்லை, விடியுமுன் போய்விட்டார்.

முதல் இருவரும் பொருள் உரைத்தனர், மூன்றாமவர் கேட்டார். ஆயினும் அவருக்கும் ஒரு சோதனை காத்திருக்கிறது. ‘உங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லையம்மா, மருத்துவர் சொன்னபடிதானே செய்தீர்கள்’ என்று உடனே சொல்லிவிட நாவு துடிக்கும். சொல் உண்மையே. ஆனால் அது யாருடைய நோவை ஆற்றச் சொல்லப்படுகிறது? அவருடைய அழுகையை நம்மால் தாங்க முடியாததால் சொல்லப்படுமாயின், அது நம்மையே ஆற்றிக்கொள்வதாகும். அம்மையார் மறுவாரமும் அழுதுகொண்டு வந்தால், நான் வசனம் காட்டி ஆறுதல் சொன்னேன், அவர்தான் ஏற்கவில்லை என்போம். நான் கூறிய தீர்வை நீ ஏற்கவில்லை என்று கனவில் இர்மாவிடம் பிராய்டு சொன்னதும் இதுவே அன்றோ?

ஆகவே உடன் ஊழியர்க்கும் மாணவர்க்கும் நாம் பரிந்துரைப்பவை இவை. கனவுக்குப் பொருள் உரைக்க வேண்டா. அக்கனவின்போது எழுந்த உணர்ச்சியையும், அதனோடு நினைவுக்கு வருவதையும் கேளுங்கள். சொல்ல விரும்பாததைத் தோண்டி எடுக்க வேண்டா. நெடும் பயிற்சியும் தம்மைத்தாமே பகுப்பாய்வுக்கு உட்படுத்தலும் இன்றி எவரும் உளப்பகுப்பாய்வாளர் ஆவதில்லை. உறக்கமின்மை, உணவு வெறுப்பு, பிறர்க்குக் கேளாத குரல்களைக் கேட்டல், சாவை நாடும் பேச்சு ஆகியவை தென்பட்டால் காலந்தாழ்த்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இறைவேண்டலை அதற்கு மாற்றாக்க வேண்டா. கேட்டதை அருளுரையில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்த வேண்டா; ஆளைக் குறிக்காவிடினும் சிற்றூரில் ஆள் தெரிந்துவிடும். மேலாக, ஒருவர் பேச்சு நம்மைச் சினமூட்டும்போதும் மிகக் குளிர்விக்கும்போதும், நம்முள் எது தொடப்பட்டது என்று நம்மையே வினவுவோமாக.

நம்மை நாமே நீதிமானாக்க இயலாது என்று நாம் ஞாயிறுதோறும் பிரசங்கிக்கிறோம். அம்முயற்சி எத்தனை வேடங்களில், எத்தனை இரவுகளில் நம்முள் தொடர்கிறது என்பதை உளப்பகுப்பாய்வு எடுத்துக்காட்டுகிறது. குற்றத்தை மன்னிக்கும் அதிகாரம் அக்கலைக்கு இல்லை. அதனிடம் அதனை எதிர்பார்த்தலும் தவறு. ஆனால் தனக்கு எதிராகத் தீர்ப்பு ஏற்கெனவே நீக்கப்பட்டது என நம்புகிறவர், தன் வழக்கைச் சற்று நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, மற்றவரின் வழக்கைக் கேட்க முடியும். அவ்வாறு கேட்க அமரும் ஆயருக்கு, தம் நியாயத்தைத் தேடி அலையும் உள்ளத்தின் வழிகளை உரைக்கும் இக்கலை நல்லதோர் ஆசானாக அமையும் என்பது நம் துணிபு.